மலைக்கும் மண்ணுக்கும் வாடகை! திபெத்தியப் புகைப் படையல் பிறந்த கதை

சென்னை ஓ.எம்.ஆர் சிக்னலில் நிற்கும் புல்லட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஹேண்டில்பாரில் ஒரு கயிறு, அதில் வரிசையாகச் சின்னச் சின்னத் துணிக்கொடிகள். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். லடாக் போய்வந்தவர்களுக்கு அது ஒரு மெடல். போகாதவர்களுக்கும் கவலையில்லை, ஆன்லைனில் ஆர்டர் போட்டால் இரண்டே நாளில் வீட்டுக்கு வந்துவிடும்.

அடுத்த முறை சிக்னலில் நேரம் கிடைத்தால் அந்தக் கொடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு குதிரை நிற்கும். அதன் முதுகில் சுடர்விடும் ஒரு ரத்தினம். நான்கு மூலைகளில் புலி, பனிச்சிங்கம், கருடன், டிராகன். திபெத்திய மொழியில் இதற்கு ‘லுங்தா’ என்று பெயர். காற்றுக்குதிரை என்று அர்த்தம். ஐந்து நிறங்களும் வானம், காற்று, நெருப்பு, நீர், நிலம். துணியில் அச்சடித்த மந்திரத்தைக் காற்று தூக்கிக்கொண்டு ஓடும் என்பது நம்பிக்கை.

இந்தக் கொடிகள் இமயமலையில் கண்ட இடத்தில் கட்டப்படுவதில்லை. மலைக் கணவாயின் உச்சி, ஊற்றுக்கண், பாலம், வீட்டுக் கூரை என்று சில குறிப்பிட்ட இடங்கள் உண்டு. கணவாய் உச்சியில் கற்களைக் குவித்து, நடுவே குச்சிகளை நட்டு, கொடிகளைச் சுற்றியிருப்பார்கள். மூச்சிரைக்க மேலே ஏறிவரும் திபெத்தியர் அந்தக் குவியலில் தன் பங்குக்கு ஒரு கல்லை வைப்பார். குதிரை அச்சடித்த காகிதத் துண்டுகளை ஒரு கை அள்ளி வீசுவார். பிறகு தொண்டை கிழியக் கத்துவார்: “கி கி சோ சோ லா க்யால் லோ!” தெய்வங்களுக்கு வெற்றி உண்டாகட்டும் என்பது அதன் பொருள்.

எந்தத் தெய்வங்கள்? புத்தரா? இல்லை. அந்தக் கணவாயின், அந்த மலையின் சொந்தக்காரர்கள். புத்தர் திபெத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே அங்கே குடியிருப்பவர்கள். அடுத்தவர் தோட்டத்துக்குள் புகுந்து போகும்போது, “நான்தாங்க, இப்படியே போய்க்கிறேன்” என்று குரல் கொடுத்துவிட்டுப் போவோமே, ஏறக்குறைய அதுதான் இது.

இந்தச் சொந்தக்காரர்களுக்குப் படையல் போடும் பழக்கம் எப்போது, எப்படி ஆரம்பித்தது? டெஸ்க்கில் உட்கார்ந்து தேட ஆரம்பித்த கேள்வி, கடைசியில் என்னை ஹிமாச்சலப் பிரதேசத்தின் மெக்லியோட்கஞ்ச் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. 1960 முதல் தலாய் லாமா வசிக்கும் ஊர். திபெத்துக்குள் போவதற்கு அனுமதி, குழு, வழிகாட்டி என ஆயிரம் சிக்கல். திபெத் இந்தப் பக்கம் வந்து குடியிருக்கும் ஊருக்கோ, பதான்கோட்டில் இறங்கி பஸ் பிடித்தால் போதும்.

“சாமிக்கு இல்லை தீதி, மாலிக்குக்கு!”

மெக்லியோட்கஞ்சில் தலாய் லாமாவின் இல்லமும் கோயிலும் இருக்கும் குன்றைச் சுற்றி ஒரு காட்டுப்பாதை ஓடுகிறது. விடிவதற்கு முன்பே தாத்தாக்களும் பாட்டிகளும் கையில் ஜபமாலையோடு வலமாகச் சுற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். இதற்கு ‘கோரா’ என்று பெயர். பாதை பாதி சுற்றி வந்ததும் ஒரு வெட்டவெளி. மரத்துக்கு மரம் நூற்றுக்கணக்கான கொடிகள். நடுவே வெள்ளையடித்த அடுப்பு. இந்த இடம் லாக்யால் ரி.

நான் போனது ஒரு புதன்கிழமை. புதன் தலாய் லாமாவின் உயிர் நாள் என்பது திபெத்தியர்களின் நம்பிக்கை. ‘லாகர்’, அதாவது வெள்ளைப் புதன் என்று சொல்லி, அன்றைக்குத் திபெத்திய உடை உடுத்தி, திபெத்திய மொழி மட்டுமே பேசி, திபெத்தியச் சாப்பாடு சாப்பிடுவது சமீப காலமாகப் பரவியிருக்கும் வழக்கம். அதனால் அடுப்பைச் சுற்றி நல்ல கூட்டம்.

முதலில் பச்சை ஜூனிபர் இலைக்கொத்தைத் தணலில் வைக்கிறார்கள். கொழுந்துவிட்டு எரியக் கூடாது. புகைய வேண்டும், அதுவும் வெள்ளையாக, அடர்த்தியாக. அதன்மேல் ஒரு கை த்சம்பா. வறுத்து அரைத்த பார்லி மாவு அது, திபெத்தியர்களின் அன்றாட உணவு. கொஞ்சம் வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை. மேலே சில துளித் தேநீர். மொத்தத்தில் ஒரு வீட்டின் காலை உணவு அப்படியே புகையாகி மேலே போகிறது. இந்தப் படையலுக்குப் பெயர் ‘சாங்’. அந்தச் சொல்லுக்குத் தூய்மைப்படுத்துதல் என்று பொருள்.

என் பக்கத்தில் எண்பதைத் தொட்டிருக்கும் ஒரு பாட்டி. பக்கத்தில் கல்லூரி மாணவன்போல ஒரு பேரன். அவரை அவன் “மோலா, மோலா” என்று கூப்பிட்டான். திபெத்திய மொழியில் பாட்டி என்று அர்த்தம். என் அரைகுறை ஹிந்தியில், “எந்தச் சாமிக்கு இது?” என்று கேட்டேன். பாட்டியிடம் கேட்டுவிட்டுப் பேரன் சிரித்தான்.

“சாமிக்கு இல்லை தீதி. ஸமீனோட மாலிக்குக்கு.”

நிலத்தின் முதலாளிக்கு! இதைவிடச் சரியாக ஒரு மானிடவியல் புத்தகமும் சொல்லியிருக்க முடியாது என்று ரூமுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. ஏனென்றால் இந்தச் சக்திகளில் ஒரு வகைக்குத் திபெத்தியப் பெயரே ‘சாடாக்’. ‘சா’ என்றால் மண். ‘டாக்’ என்றால் உடைமையாளர்.

மேலே, நடுவிலே, கீழே

திபெத்தியப் பார்வையில் உலகம் மூன்று மாடிக் கட்டடம். மேல்மாடியில் ‘லா’ எனப்படும் தேவர்கள். நடுமாடியான மலை, பாறை, மரங்களில் ‘ஞென்’, ‘ட்சென்’ போன்ற முன்கோபிகள். ட்சென்களின் நிறம் சிவப்பு. கீழ்மாடியில், அதாவது ஊற்று, ஏரி, ஆறு, மண்ணுக்கு அடியில் ‘லு’. சமஸ்கிருத நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர்கள், ‘நாகர்’ என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் ‘லு’ என்றே போட்டார்கள். அப்படித்தான் இந்தியாவின் நாகர்களும் திபெத்தின் நீர்வாழ் சக்திகளும் ஒரே குடும்பமானார்கள்.

இவர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா? அந்தக் கேள்வியே பொருந்தாது. இவர்கள் வீட்டு ஓனர்கள்! ஒழுங்காக இருந்தால் மழை, விளைச்சல், கால்நடை எல்லாம் தருவார்கள். கேட்காமல் மண்ணைத் தோண்டினால், ஊற்றை அசுத்தமாக்கினால், பாறையைப் பெயர்த்தால், குறிப்பிட்ட மரத்தை வெட்டினால் கதை மாறிவிடும். ஆலங்கட்டி மழை பயிரை அழிக்கும். மாடு சாகும். லுவின் கோபம் தோல் நோயாக வரும் என்பார்கள். அடுப்புக்கும் ஒரு தெய்வம் உண்டு. பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் அவருக்குப் பிடிக்காது, வீட்டுக்குத் தீட்டு. பால் பொங்குவதை மங்கலமாகப் பார்க்கும் நமக்கு இது விநோதம்தான்!

அப்படியென்றால் ஒரு சந்தேகம் வரும். விவசாயம் என்றாலே மண்ணைத் தோண்டத்தானே வேண்டும்? வீடு கட்டாமல் இருக்க முடியுமா? முடியாது. அதனால்தான் படையல். செய்யப்போகிற, செய்துவிட்ட, செய்யாமல் இருக்க முடியாத தொந்தரவுக்கான கட்டணம் அது. நாலாயிரம் மீட்டர் உயரத்தில், ஒரு ஆலங்கட்டி மழை ஒரு வருடச் சாப்பாட்டையே கொண்டுபோய்விடக்கூடிய நிலத்தில் வாழ்பவர்கள் இந்தக் கணக்கை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

பகலில் கட்டினால் இரவில் இடிந்தது

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று ஒரு திபெத்தியரைக் கேட்டால், பெரும்பாலும் சாம்யே கதையைத்தான் சொல்வார். லாசாவுக்குத் தென்கிழக்கே, யார்லுங் த்சாங்போ ஆற்றின் வடகரையில் இருக்கிறது சாம்யே. அந்த ஆறுதான் கீழே இறங்கிவந்து பிரம்மபுத்திரா ஆகிறது. திபெத்தின் முதல் மடாலயம் எழுந்த இடம் சாம்யே.

8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. மன்னர் த்ரிசோங் தேத்சென் பௌத்தத்தை நாட்டுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டு, இந்தியாவிலிருந்து சாந்தரட்சிதர் என்ற பேரறிஞரை அழைக்கிறார். அவர் வந்து உபதேசம் ஆரம்பித்ததும் வரிசையாக விபரீதங்கள். பாங்தாங் என்ற இடத்தில் இருந்த அரண்மனையை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. லாசாவின் செங்குன்றில், இன்றைக்கு பொட்டாலா அரண்மனை நிற்கும் அதே குன்றில், இடி விழுகிறது. பஞ்சமும் நோயும் பின்னாலேயே வருகின்றன. “புது மதம் வந்ததும் நம்ம தெய்வங்களுக்குக் கோபம் வந்துடுச்சு” என்று அமைச்சர்கள் கொதிக்கிறார்கள். சாந்தரட்சிதர் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாகிறது. தத்துவ வாதத்துக்கு மடங்கும் ஆட்கள் இல்லை இவர்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மந்திர சாதனையில் வல்லவரான பத்மசம்பவரை அழையுங்கள் என்று யோசனை சொல்கிறார்.

பத்மசம்பவர் வருகிறார். குற்றவாளிகள் யார் என்று கண்டுபிடிக்கிறார். வெள்ளத்தை அனுப்பியது யார்லா ஷாம்போ. அது திபெத்திய அரச வம்சத்தின் சொந்த மலைத் தெய்வம்! இடியை இறக்கியது ஞென்சென் தாங்லா. நாம்த்சோ ஏரிக்கரையில் 7,162 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் மலை அது. மக்கள் சொல்லும் கதையில், மனிதர்கள் பகலில் கட்டிய சாம்யே மடாலயச் சுவரை இந்தச் சக்திகள் இரவில் இடித்துத் தள்ளுகின்றன. மடாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெபோரி குன்றில் ஏறி நிற்கிறார் பத்மசம்பவர். ஒவ்வொரு சக்தியையும் பெயர் சொல்லி அழைத்து அடக்குகிறார்.

அவர் அவர்களைக் கொல்லவில்லை, நாடு கடத்தவுமில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறார். “இனி பௌத்தத்தைக் காப்பது உங்கள் பொறுப்பு, உங்களுக்குப் படையல் போடுவது எங்கள் பொறுப்பு.” இதுதான் டீல். இப்படிச் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர்களுக்குத் திபெத்திய மொழியில் ‘தாம்சென்’ என்று பெயர். திபெத்திய நாட்காட்டியின் ஐந்தாவது மாதப் பௌர்ணமியில் இன்றைக்கும் ஊர் ஊராகப் புகை போட்டு ஹெபோரி நாளைக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பண்டிகைக்கு ‘த்சாம்லிங் சீசாங்’ என்று பெயர். உலகத்துக்கே பொதுவான புகைப் படையல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி, பிற்காலத்துப் பிரமாண்டமான வாழ்க்கை வரலாறுகளில் இருப்பதில்லை. சாம்யே பற்றிப் பேசும் மிகப் பழைய நூல்களில் ஒன்று, பா என்ற குலத்தின் பெயரால் வழங்கும் வரலாறு. அதில் பத்மசம்பவர் அவ்வளவு பெரிய ஹீரோ இல்லை. கொஞ்ச காலம் இருக்கிறார். தெய்வங்களை அடக்குகிறார். மணல்வெளியில் ஊற்றெடுக்க வைத்து அதைப் பச்சை நிலமாக்கலாம் என்கிறார். ‘இவ்வளவு சக்தி உள்ளவர் நாட்டையே பிடித்துவிட்டால்?’ என்று அரசவைக்குப் பயம் வந்துவிடுகிறது. பரிசு கொடுத்து, நாசூக்காக வழியனுப்பிவைக்கிறார்கள். செய்து முடிக்க வேண்டிய சடங்கு முழுசாக முடியாமலே அவர் புறப்படுகிறார்.

வருடா வருடம் படையல் போட்டு அந்தச் சத்தியத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது இதனால்தானோ என்று எனக்குத் தோன்றியது. பாதியில் நின்ற பத்திரப் பதிவு மாதிரி!

ரத்தம் பார்லியான கதை

சாம்யே கதை படையல்களுக்குப் பௌத்த முத்திரை குத்திய கதை. படையல் அதற்கும் மூத்தது. அப்போது படைக்கப்பட்டது மாவு மட்டும் இல்லை.

லாசாவின் ஜோகாங் கோயிலுக்கு முன்னால் ஒரு கல்தூண் நிற்கிறது. திபெத்துக்கும் சீனாவின் தாங் பேரரசுக்கும் 821-822 ஆண்டுகளில் ஏற்பட்ட சமாதான ஒப்பந்தத்தை இரண்டு மொழிகளிலும் செதுக்கி, 823-இல் நட்ட தூண். யாரைச் சாட்சி வைத்துச் சத்தியம் செய்தார்கள் தெரியுமா? புத்தம், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளை. கூடவே சூரியன், சந்திரன், கிரகங்கள், நட்சத்திரங்களை. அதோடு விலங்குகளைப் பலி கொடுத்தார்கள் என்பதையும் அதே தூண் சொல்கிறது. சாம்யே கட்டி சுமார் நாற்பது வருடங்களுக்குப் பிறகு நடக்கிறது இது! தாங் வரலாறு இன்னொரு தகவலைச் சேர்க்கிறது. சத்தியத்தின்போது எல்லோரும் பலி ரத்தத்தை உதட்டில் பூசிக்கொண்டார்கள். திபெத்தின் தலைமை அமைச்சராக இருந்த புத்த பிக்கு மட்டும் பூசிக்கொள்ளவில்லை.

அந்த ஒரு காட்சியைக் கொஞ்சம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். எல்லோர் உதட்டிலும் ரத்தம். ஒருவர் மட்டும் சுத்தமான முகத்தோடு நிற்கிறார். பழசும் புதுசும் ஒரே மேடையில்.

சீனாவின் துன்ஹுவாங் பகுதியில் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டு, 1900-இல் திறக்கப்பட்ட குகை ஒன்று உண்டு. அதற்குள் ஆயிரக்கணக்கான சுவடிகள், அவற்றில் திபெத்திய மொழிச் சுவடிகளும் ஏராளம். இறந்தவருக்கு வழிகாட்ட ஆட்டையும் குதிரையையும் யாக்கையும் பலியிட்ட பழைய சாவுச் சடங்குகள் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. ‘அந்த விலங்குகள் வேண்டாம், இதோ பௌத்த வழி’ என்று வாதாடும் சுவடியும் அதே குவியலில் கிடைத்திருக்கிறது. பத்மசம்பவரின் பெயரும் அவற்றில் வருகிறது. மதம் மாறிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் டிராஃப்ட் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது போன்ற அனுபவம் அது.

‘இதெல்லாம் பொன் மதத்திலிருந்து வந்தது’ என்று இணையத்தில் பல இடங்களில் ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அவ்வளவு எளிதல்ல. பழைய ஆவணங்களில் ‘பொன்’ என்பது பெரும்பாலும் சடங்கு செய்யும் பூசாரிகளைக் குறிக்கிறது. மடாலயம், வேதநூல், ஸ்தாபகர் என்று இன்றைக்கு நாம் பார்க்கும் பொன் மதம், பௌத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டே 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் உருவெடுத்தது. மலைக்குப் படையல் போட்டவர்கள் இந்த இரண்டு பெயர்ப் பலகைகளுக்கும் முன்பே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பலிக்கு மாற்றாக வந்து நிலைத்தது ‘டோர்மா’. த்சம்பா மாவையும் வெண்ணெயையும் பிசைந்து செய்யும் கூம்பு வடிவப் படையல். அந்தச் சொல்லுக்கு வேர், தூவுதல், வீசுதல். சாந்தமான தெய்வத்துக்கு வெள்ளை டோர்மா. உக்கிரமான தெய்வத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிய டோர்மா. சிவப்பு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை!

வீடுகளில் இது இன்னும் சுவாரஸ்யம். திபெத்திய வருடத்தின் கடைசி மாதம் 29-ஆம் தேதி இரவு, ஒன்பது பொருள்கள் போட்ட ‘குத்துக்’ என்ற சூப் வைப்பார்கள். ஆளுக்கொரு பெரிய மாவுருண்டை, உள்ளே ஒரு ரகசியம். கரி வந்தால் உங்கள் மனசு கறுப்பு. மிளகாய் வந்தால் வாயாடி. வீடே சிரித்து உருளும். பிறகு ஆளுக்கொரு மாவுத் துண்டை எடுத்து உடம்பில் வலி இருக்கும் இடங்களில் ஒற்றி எடுப்பார்கள். அதையும் மிச்ச சூப்பையும் மாவில் செய்த ஒரு மனித பொம்மையோடு சேர்த்து, வைக்கோல் பந்தம் கொளுத்தி, “வெளியே போ!” என்று கத்திக்கொண்டே முச்சந்திக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்தப் பொம்மைக்கு ‘லூ’ என்று பெயர். பிணைத்தொகை என்று பொருள். ‘என்னை விட்டுவிடு, என் பதிலாக இவனை எடுத்துக்கொள்’ என்பதுதான் பேரம்.

எல்லா இடத்திலும் ரத்தம் முழுசாக மாவாகிவிடவில்லை. ஆம்தோ பகுதியில், இன்றைய சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில், ரெப்கோங் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ஆறாவது மாதம் நடக்கும் லுரோல் திருவிழாவில் ஊர் இளைஞர்கள் கன்னத்தில் அலகு குத்திக்கொள்கிறார்கள். சாமியாடி மலைத் தெய்வத்தின் குரலில் பேசுகிறார், சில ஊர்களில் நெற்றியைக் கீறிச் சில துளி ரத்தமும் சிந்துகிறார். அருகிலேயே மூட்டை மூட்டையாகத் த்சம்பா புகைந்துகொண்டிருக்கும்.

நான்கு விருந்தாளிகள்

மெக்லியோட்கஞ்சில் நான் கற்றுக்கொண்ட இன்னொரு விஷயம், புகைப் படையல் என்பது ஒரு விருந்து அழைப்பு என்பது. அழைப்பிதழில் நான்கு வகை விருந்தாளிகள். முதல் பந்தியில் புத்தரும் மும்மணிகளும். இரண்டாவதில் காவல் தெய்வங்கள். மூன்றாவதில் கஷ்டப்படும் எல்லா உயிர்களும். நான்காவது பந்திதான் ஆச்சரியம். அது கடன்காரர்களுக்கு!

முந்தைய பிறவிகளில் நாம் யாரிடமெல்லாம் கடன்பட்டோமோ, யாருடைய உயிரை, உணவை, இடத்தைப் பறித்தோமோ, அவர்கள் எல்லோரும் அந்த நான்காவது பந்தி. நோயாக, தடையாக நம் பின்னாலேயே வருபவர்கள் அவர்கள்தான் என்று நம்புகிறார்கள். அவர்களுக்கும் ஒரு இலை போட்டுவிட்டால் கணக்கில் கொஞ்சம் கழியும். உள்ளூர்ச் சக்திகளில் பலர் இந்தப் பந்தியில்தான் உட்காருகிறார்கள்.

பௌத்தத் துறவிகள் இங்கே ஒரு கோடு கிழிக்கிறார்கள். இந்த உலகத்துத் தெய்வங்களுக்குச் சாப்பாடு போடலாம், உதவி கேட்கலாம். அவர்களிடம் சரணடையக் கூடாது. சரணாகதி புத்தருக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலகாரம் கொடுத்துவிட்டு நல்லுறவில் இருக்கலாம், சொத்தை எழுதிவைக்க வேண்டியதில்லை என்கிற மாதிரி.

ஊரைவிட்டு வந்தால் தெய்வம் என்ன ஆகும்?

லாக்யால் ரியில் நின்றபோது மண்டைக்குள் ஓடிய கேள்வி இதுதான். மலைத் தெய்வம் என்றால் மலையோடு இருக்க வேண்டியது. சாடாக் என்றால் அந்த மண்ணோடு இருக்க வேண்டியது. மண்ணை விட்டு வந்தவர்கள் இங்கே யாருக்குப் புகை போடுகிறார்கள்?

கூடவே கிளம்பி வந்த தெய்வம் ஒன்று உண்டு. பெஹார். சாம்யேவின் பொக்கிஷத்துக்குக் காவலாகச் சத்தியத்தில் கட்டப்பட்டவர். பல நூற்றாண்டுகள் அங்கே இருந்துவிட்டு, லாசா பக்கம் வருகிறார். ஒரு மடாலயத்தோடு தகராறு. அவரைப் பெட்டிக்குள் அடைத்துக் கீச்சு ஆற்றில் விடுகிறார்கள். த்ரேபுங் மடாலயத்துக்கு அருகே பெட்டி கரை ஒதுங்க, திறந்ததும் புறாவாகப் பறந்து ஒரு மரத்தில் உட்காருகிறார். அந்த மரத்தைச் சுற்றி எழுந்ததுதான் நெசுங் மடாலயம். 17-ஆம் நூற்றாண்டில் ஐந்தாவது தலாய் லாமா காலத்தில் நெசுங் குறிசொல்லிதான் அரசாங்கத்துக்கே அதிகாரபூர்வக் குறிசொல்லி. 1959 மார்ச் 17-ஆம் தேதி இரவு இன்றைய தலாய் லாமா லாசாவை விட்டு வெளியேறுவதற்கு முன்பு, போகச் சொல்லி வழியையும் காட்டியது நெசுங் குறிதான் என்று தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். குறிசொல்பவரும் பின்னாலேயே இந்தியா வந்துசேர்ந்தார். மெக்லியோட்கஞ்சிலிருந்து கீழே இறங்கினால், திபெத்திய நூலகத்துக்குப் பக்கத்திலேயே இன்றைய நெசுங் மடாலயத்தைப் பார்க்கலாம்.

புது ஊரின் முதலாளியும் லேசுப்பட்டவர் இல்லை. மெக்லியோட்கஞ்சிலிருந்து நடக்கும் தூரத்தில் பாக்சுநாக் கோயில். வறட்சியில் தவித்த தன் நாட்டுக்காக பாக்சு என்ற அரசன் இந்த மலையின் நாகன் ஏரியிலிருந்து தண்ணீரைத் திருடிக்கொண்டு போக, நாகன் துரத்தி வந்து வீழ்த்தினான் என்பது தலபுராணம். சாகும்போது பாக்சு மன்னிப்புக் கேட்க, தன் பெயரோடு அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டானாம் நாகன். கேட்காமல் நீரை எடுத்தால் என்ன ஆகும் என்பதைத் திபெத்திலிருந்து வந்தவர்களுக்கு யாரும் புதிதாக விளக்கியிருக்கத் தேவையில்லை.

பெஹார் வந்துவிட்டார். ஆனால் மலைகள் வர முடியாது. தலாய் லாமா 1935 ஜூலை 6-ஆம் தேதி பிறந்தது ஆம்தோ பகுதியின் தாக்த்சேர் கிராமத்தில். ஊருக்கு மேலே ஆமி சிரி என்ற மலை. வானத்தைத் துளைக்கும் மலை என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார் அவர். அந்த ஊரின் காவல் தெய்வம் வசிப்பதாக நம்பப்படும் மலை. அவருடைய பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குத் திபெத்தியர்கள் வைத்திருக்கும் பெயர் ‘த்ருங்லா யார்சோல்’. த்ருங்லா என்றால் பிறப்புத் தெய்வம். கேக் வெட்டும் நாள் அல்ல அது, பிறந்த இடத்துத் தெய்வத்தை வேண்டும் நாள். அன்றைக்குப் புகை போட்டு, த்சம்பாவை ஒரே நேரத்தில் வானத்தில் வீசுவார்கள். லாசாவில் அந்த நாளில் புகை போடுவதற்கு அதிகாரிகள் தடை விதித்ததுண்டு. ஒரு கை ஜூனிபர் இலைக்கு அவ்வளவு அரசியல் கனம்.

இதை வைத்துத்தான் பேரனிடம் கடைசியாகக் கேட்டேன். பாட்டிக்குத் தன் ஊர் மலையின் பெயர் தெரியும். எட்டு வயதில் பார்த்த மலை. புகை போடும்போதெல்லாம் அந்தப் பெயரையும் சொல்கிறார். “சரி, நீ பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில். உன்னோட பிறப்புத் தெய்வம் எந்த மலை?”

அவன் பாட்டியிடம் கேட்டான். திபெத்திய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். நடுவில் ஒருமுறை மேலே தௌலாதாரின் பனிச் சிகரங்களைக் கை காட்டினார். அப்புறம் தலையை ஆட்டி அதை மறுப்பதுபோலவும் இருந்தது.

“என்ன சொல்றாங்க?”

“ரெண்டு பேருக்கும் போடுன்னு சொல்றாங்க தீதி” என்றவன், பாட்டியின் பையிலிருந்து இன்னொரு கை த்சம்பாவை அள்ளி அடுப்பில் போட்டான்.